ஜார் ஃபைலுக்கு என்ன வயது?

"அப்ளிகேஷன் ரொம்ப ஸ்லோ" என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால், புனேயில் எந்த அலுவலகத்திலும் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் டேட்டாபேஸைப் பார்க்கும் டிபிஏவைக் கூப்பிடுவார்கள். அவர் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டி, "என் பக்கம் குவெரி மூன்று மில்லிசெகண்டில் முடிகிறது" என்பார். நெட்வொர்க் பார்ப்பவர் பிங் போட்டுக் காட்டுவார். ஜாவா எழுதுகிறவர்கள் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாக விளக்குவார்கள். மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அந்த மூவருக்கும் நடுவில், டேட்டாபேஸுக்கும் ஜாவாவுக்கும் இடையே போகிற ஒவ்வொரு பைட்டையும் கையாளும் ஜார் ஃபைல் ஒன்று இருக்கிறது. ஜேடிபிசி டிரைவர். ப்ராஜெக்ட் தொடங்கிய அன்று யாரோ கொண்டுவந்து போட்டது. அதற்குப் பிறகு அதை ஒருவரும் திறந்திருக்க மாட்டார்கள்.

என் பிழைப்பு பெரும்பாலும் அந்த ஜார் ஃபைலைச் சுற்றியே நடந்திருக்கிறது. டிரைவருக்குள் வேலை செய்த காலமும் உண்டு, டிரைவரால் அவதிப்பட்டவர்களுக்கு உதவிய காலமும் உண்டு. இரண்டாவதில்தான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவையில் எம்சிஏ முடித்துவிட்டுப் புனேக்கு வந்தேன். ஒய்டுகே வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம். பெங்களூருக்கும் சென்னைக்கும் இருந்த பெயர் அப்போது இந்த ஊருக்கு இல்லை. ஆனால் டேட்டாபேஸின் உள்வேலை தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். டேட்டாபேஸ் துறையில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆனந்த் தேஷ்பாண்டே 1990இல் இங்கேதான் பெர்சிஸ்டன்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். சி-டாக் 1991இல் பரம் 8000 கணினியைச் செய்ததும் இங்கேதான். அதனால் வேறு ஊர்களில் ஸ்க்ரீனும் ரிப்போர்ட்டும் எழுதிக்கொண்டிருந்த வயதில், இங்கே ஒரு புதுப் பையனுக்கு டேட்டாபேஸின் நெட்வொர்க் புரோட்டோகாலைப் படிக்கிற வேலை கிடைக்க வழி இருந்தது. எனக்குக் கிடைத்தது.

ஜேடிபிசி அப்போது புதுசு. 1997 பிப்ரவரியில் வந்த ஜேடிகே 1.1இல்தான் அது முதலில் சேர்ந்தது. கூடவே ஜேடிபிசி-ஓடிபிசி பிரிட்ஜ் என்று ஒன்றையும் ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் கொடுத்திருந்தது. ஜாவா கூப்பிட்டால் பிரிட்ஜ் ஓடிபிசியைக் கூப்பிடும், ஓடிபிசி டேட்டாபேஸைக் கூப்பிடும். ஒவ்வொரு விண்டோஸ் என்டி மெஷினிலும் கன்ட்ரோல் பேனலுக்குப் போய் டிஎஸ்என் உருவாக்க வேண்டும். ஓடிபிசி பக்கம் சி மொழியில் எழுதிய கோட் எங்காவது தவறான மெமரியைத் தொட்டால் ஜேவிஎம் மொத்தமாகச் செத்துவிடும். ஜாவா எக்ஸெப்ஷன் வராது, ஸ்டாக் ட்ரேஸ் இருக்காது, பிராசஸே காணாமல் போயிருக்கும். தற்காலிக ஏற்பாடு என்று சன் சொல்லியே கொடுத்த அந்தப் பிரிட்ஜ், 2014இல் ஜாவா 8 வந்தபோதுதான் வெளியே போனது.

டைப் 4 என்கிற தின் டிரைவர்கள் வந்த பிறகே இந்தத் தொழில் நிமிர்ந்தது. முழுக்க ஜாவாவில் எழுதியது, டேட்டாபேஸின் சொந்த புரோட்டோகாலை நேரடியாக சாக்கெட்டில் பேசுவது. ஆரக்கிள் க்ளையன்ட் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, ஒரு ஃபைலைக் கிளாஸ்பாத்தில் போட்டால் போதும். அந்த ஃபைலின் பெயர்களைச் சொன்னால் என் வயதுக்காரர்களுக்கு உடனே நினைவு வரும்: கிளாஸஸ்12 ஜிப், பிறகு ஓஜேடிபிசி14, பிறகு ஓஜேடிபிசி6, பிறகு 8. பெயரிலுள்ள எண் டிரைவரின் வெர்ஷனைக் குறிக்காது, ஜேடிகேயைக் குறிக்கும். 14 என்றால் ஜேடிகே 1.4. 14 என்பது 6ஐவிடப் பெரிய எண் என்று நம்பி, பழைய டிரைவரைப் புரொடக்‌ஷனில் வைத்திருந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து எந்த வாடிக்கையாளரிடம் போனாலும் முதல் வேலையாக ஜாரைத் திறந்து உள்ளே இருக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைலைப் படிப்பேன். உண்மையான வெர்ஷன் அதில் இருக்கும்.

2000க்குப் பிறகு நான் பார்த்த வேலைகளில் பலவற்றுக்கு ஒரே அமைப்பு. ஆட்கள் ஹிஞ்ஜவாடியிலோ மகர்பட்டாவிலோ உட்கார்ந்திருப்பார்கள், டேட்டாபேஸ் நியூஜெர்சியில் இருக்கும். இங்கிருந்து அங்கே ஒரு பாக்கெட் போய்த் திரும்பக் கால் வினாடிக்குப் பக்கம் ஆகும். ஒளியின் வேகத்தையும் கடலடிக் கேபிளின் நீளத்தையும் யாராலும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது போய்வரும் தடவைகளின் எண்ணிக்கையைத்தான்.

இரவில் ஓடும் ரிப்போர்ட் ஒன்று 5000 வரிகளை எடுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதே குவெரி அங்கே சர்வரிலேயே ஒரு வினாடிகூட ஆகவில்லை. நான் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன். திரையில் ஒரு ஒழுங்கு தெரிந்தது: சின்னதாக ஒரு பாக்கெட் போகிறது, கால் வினாடி அமைதி, பதில் வருகிறது, மறுபடி சின்னதாக ஒன்று போகிறது. ஒவ்வொரு பதிலிலும் பத்து வரிகள். ஆரக்கிள் டிரைவரின் டிஃபால்ட் ஃபெட்ச் சைஸ் 10. 5000 வரிக்கு 500 தடவை போய்வந்தால் 125 வினாடி. குவெரியை ட்யூன் செய்து என்ன பயன்? நேரமெல்லாம் கடலில் போயிருக்கிறது. ஊருக்கு வெளியே உள்ள குளத்திலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்புகிற மாதிரிதான். ஸ்டேட்மென்ட்டில் செட்ஃபெட்ச்சைஸ் 500 என்று ஒரு வரி சேர்த்தோம். பத்துத் தடவையில் வேலை முடிந்தது.

அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து டீம் தங்கள் எல்லா இடத்திலும் 500 போட்டார்கள். ஒரே வாரத்தில் அவர்கள் சர்வர் அவுட் ஆஃப் மெமரியில் விழுந்தது. அந்தக் காலத்து 10ஜி டிரைவர், வரப்போகும் டேட்டா உண்மையில் எவ்வளவு என்று பார்த்து இடம் ஒதுக்காது. டேபிளில் அறிவித்திருக்கும் அதிகபட்ச அளவுக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிடும். வார்கேர்2 4000 என்று ஒரு நெடுவரிசை இருந்தால், அதில் 'ஆம்', 'இல்லை' மட்டுமே எழுதியிருந்தாலும், ஒரு எழுத்துக்கு 2 பைட் வீதம் ஒரு வரிக்கு 8000 பைட். அப்படி 20 நெடுவரிசை, 500 வரி என்றால் ஒரு ஸ்டேட்மென்ட்டுக்கே 80 எம்பி. பத்து பேர் ஒரே நேரத்தில் அந்த ஸ்க்ரீனைத் திறந்தால் 800 எம்பி. அந்த டீமுக்கு நான் சொன்னது: எதற்கும் 4000 போட்டுவைக்கிற பழக்கத்தை முதலில் டேபிள் டிசைனில் நிறுத்துங்கள், ஃபெட்ச் சைஸைக் குவெரிவாரியாகப் போடுங்கள். ஆரக்கிள் பிறகு 12சி டிரைவரில் இந்த மெமரி ஒதுக்கீட்டை மாற்றி, வந்த டேட்டாவின் அளவுக்குப் பிடிக்கிற மாதிரி செய்தது. ஆப்பில் ஒரு வரியும் மாற்றாமல் டிரைவரை மட்டும் மாற்றியதில் ஹீப் குறைவதைப் பிறகு நான் கண்ணால் பார்த்தேன். டிரைவரின் ரிலீஸ் நோட்ஸை வரிவிடாமல் படிக்கிற பழக்கம் அதிலிருந்துதான் வந்தது.

வேகத்தைத் தாண்டி டிரைவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு என்று எனக்குக் காட்டியது ஒரு மராத்திக் கூட்டுறவு வங்கியின் கணக்கு. கிராமத்துக் கணக்குதாரர்களின் பெயர்கள் எல்லாம் மராத்தியில். யூனிகோட் பரவாத காலத்தில், எழுத்துருவை வைத்து 8 பிட் குறியீட்டில் உள்ளே போட்டவை. மராத்தி எழுத்துரு மென்பொருளுக்குப் புனேதான் தலைமையிடம் என்பதால் அந்த முறை இங்கே எங்கும் பரவியிருந்தது. டேட்டாபேஸின் கேரக்டர் செட்டோ யுஎஸ்7ஆஸ்கி, 7 பிட் மட்டும். பழைய க்ளையன்ட் ப்ரோக்ராம் அதே செட்டைச் சொல்லி இணைந்ததால் ஆரக்கிள் எந்த மாற்றமும் செய்யாமல் பைட்டுகளை அப்படியே வாங்கி அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தது. பத்து வருடம் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஜாவாவுக்கு மாற்றிய அன்று எல்லாப் பெயரும் கேள்விக்குறியாக வந்தது. ஜாவாவில் ஸ்ட்ரிங் என்றாலே யூனிகோட். ஆகவே டிரைவர் கட்டாயம் எழுத்தை மாற்றியே தீர வேண்டும். 7 பிட் என்று அறிவித்த இடத்தில் 8ஆவது பிட் வந்தால் அதற்குத் தெரிந்த எழுத்து எதுவும் இல்லை. டேட்டா அழிந்துவிட்டது என்று வங்கி மேலாளர் பதறிப்போய்விட்டார். டேபிளில் ஒரு பைட்டும் கெடவில்லை என்பதை அவருக்கு டம்ப் எடுத்துக் காட்டிய பிறகே சாயங்கால டீ குடித்தோம். பெயரை ஸ்ட்ரிங்காகக் கேட்காமல், யுடிஎல் ரா பேக்கேஜ் மூலம் வெறும் பைட்டாகக் கேட்டு, எழுத்துருவின் அட்டவணையை வைத்து நாங்களே யூனிகோடுக்கு மாற்றினோம். உயிர்மெய்க் குறிகளின் வரிசை எழுத்துருவில் ஒரு மாதிரி, யூனிகோடில் வேறு மாதிரி. தமிழில் கொம்பை முன்னால் தட்டுகிற பழைய எழுத்துருக்களைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. மராத்தியில் 'கி' எழுதும்போது இகரக் குறி மெய்க்கு முன்னால் நிற்கும். அதே சிக்கல்தான்.

அதற்கடுத்த பத்தாண்டில் லைசென்ஸ் செலவைப் பார்த்துப் பலர் போஸ்ட்கிரெஸ் பக்கம் வரத் தொடங்கினார்கள். 2004இல் தொடங்கிய எண்டர்பிரைஸ்டிபியின் பெரிய பொறியியல் மையம் ஒன்று புனேயில் இருப்பதால், போஸ்ட்கிரெஸின் உள்ளே கை வைத்தவர்களை இந்த ஊரில் டீக்கடையிலேயே சந்திக்கலாம். ஆரக்கிளில் பழகியவர்களுக்கு டிரைவரிலேயே முதல் அடி விழுந்தது. ஆரக்கிள் பத்துப் பத்தாகக் கொண்டுவரும். போஸ்ட்கிரெஸ் டிரைவரின் டிஃபால்ட் 0, அதாவது மொத்த ரிசல்ட்டையும் ஒரே மூச்சில் மெமரிக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு கோடி வரி என்றால் ஒரு கோடியும் வரும். செட்ஃபெட்ச்சைஸ் போட்டால் சரியாகும் என்று போட்டுப் பார்ப்பார்கள், ஒன்றும் மாறாது. ஆட்டோகமிட் ஆனில் இருந்தால் டிரைவர் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாது. கர்சர் உயிரோடு இருக்க ட்ரான்சாக்‌ஷன் வேண்டும், ஆட்டோகமிட்டில் அது குவெரியோடு முடிந்துவிடுகிறது. எர்ரரும் வராது, வார்னிங்கும் வராது. இதை மட்டும் டிரைவர் ஒரு வார்த்தை லாகில் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் படுகிறது.

சாக்கண் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைய. அங்கே ஒன்றில், பார்கோட் ஸ்கேனரிலிருந்து வரும் பதிவுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸில் ஏற்றுகிற வேலை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஏற்றம் பின்தங்கி, லாரி கேட்டில் நிற்கும். எழுதியவர்கள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள், ஆட்பேட்ச், எக்ஸிக்யூட்பேட்ச் எல்லாம் இருந்தது. ஆனால் போஸ்ட்கிரெஸில் பேட்ச் என்றாலும் டிரைவர் ஒவ்வொரு வரியையும் தனி இன்சர்ட்டாகத்தான் அனுப்பும். போய்வருவது குறையுமே தவிர, சர்வர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும். 2016இல் வந்த 9.4.1209 வெர்ஷனில் ரீரைட்-பேட்ச்ட்-இன்சர்ட்ஸ் என்று ஒரு அமைப்பு சேர்ந்தது. கனெக்‌ஷன் யுஆர்எல்லின் கடைசியில் அதை ட்ரூ என்று போட்டால், தனித்தனி இன்சர்ட்டுகளை டிரைவரே சேர்த்து, ஒரே வேல்யூஸின் கீழ் பல வரிகளாக மாற்றி எழுதி அனுப்பும். இரண்டு மூன்று மடங்கு வேகம் கிடைக்கும் என்று டிரைவரின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கும் அந்த அளவில்தான் கிடைத்தது. ஒரே கவனம்: அதன்பிறகு எக்ஸிக்யூட்பேட்ச் திருப்பித் தரும் எண்ணிக்கை ஒவ்வொரு வரிக்கும் மைனஸ் 2 என்று வரும். வெற்றி, ஆனால் எத்தனை வரி என்று சொல்வதற்கில்லை என்று பொருள். அந்த எண்ணிக்கையைக் கூட்டிச் சரிபார்க்கிற கோட் அங்கே இருந்தது. அதை முதலில் மாற்றிவிட்டுத்தான் யுஆர்எல்லைத் தொட்டோம்.

அதற்கடுத்த ஆண்டு பிப்ரவரியில் இந்த டிரைவரின் வெர்ஷன் 9.4.1212இலிருந்து ஒரே தாவலாக 42.0.0 ஆனது. போஸ்ட்கிரெஸ் 9.6க்கு 9.4 டிரைவர் ஆகாது என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் குழம்பியதால், டேட்டாபேஸ் வெர்ஷனுக்கும் டிரைவர் வெர்ஷனுக்கும் சம்பந்தமில்லை என்று காட்டவே அந்தத் தாவல். நல்ல முடிவு. ஒரே டிரைவர் பல போஸ்ட்கிரெஸ் வெர்ஷன்களோடு பேசும் என்பதைப் புரியவைக்க நான் செலவழித்த மணிநேரங்கள் அதற்குப் பிறகு குறைந்தன.

ஆனால் என் அனுபவத்தில் ஆட்களை அதிகம் அலைக்கழித்தது பத்தாவது தடவைச் சிக்கல். ஒரு விநியோக நிறுவனத்தின் ஸ்க்ரீன். டீலரைத் தேர்ந்தெடுத்தால் அவருடைய நிலுவைப் பட்டியல் வரும். காலையில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் வேகமாக இருக்கும். கொஞ்ச நேரம் போனால் பெரிய டீலர் ஒருவருக்கு மட்டும் ஸ்க்ரீன் தொங்கிப்போகும். டிபிஏ லாகிலிருந்து குவெரியை எடுத்து, கேள்விக்குறி இருக்கும் இடத்தில் டீலர் எண்ணைப் போட்டு ஓட்டினால் உடனே வந்துவிடும். "சார், என்கிட்ட வேகமா ஓடுது, ஆப்புலதான் பிரச்னை" என்று அவர் கையை விரித்தார். திருநெல்வேலிக்காரப் பெண் அவர். பொய் சொல்லவில்லை.

நான் பத்து வரியில் ஒரு ஜாவா ப்ரோக்ராம் எழுதினேன். ஒரே கனெக்‌ஷன், ஒரே பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட், ஒரே டீலர் எண், ஒரு லூப், ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை மில்லிசெகண்ட் என்று பிரின்ட். பக்கத்தில் சர்வர் லாகைத் திறந்து வைத்தோம். முதல் நான்கு சுற்றுக்கு லாகில் 'எக்ஸிக்யூட் அன்நேம்ட்' என்று வந்தது. ஐந்தாவதில் அந்த இடத்தில் 'எஸ்_1' என்று ஒரு பெயர் வந்தது. வேகம் மாறவில்லை. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாம் வேகம். பத்தாவது சுற்றில் நின்றது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி லாகைப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சுற்றும் அதே மாதிரி இழுத்தது.

நடந்தது இரண்டு ஐந்துகளின் கூட்டு. ஒரே ஸ்டேட்மென்ட் ஐந்தாவது தடவை வந்தால் போஸ்ட்கிரெஸ் டிரைவர் அதற்குப் பெயர் வைத்து சர்வரிலேயே நிறுத்திக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் பார்ஸ் செய்யும் செலவு மிச்சம். பிரிப்பேர்-த்ரெஷோல்ட் என்கிற அமைப்பின் டிஃபால்ட் 5. பெயர் வைத்த ஸ்டேட்மென்ட்டுக்கு சர்வர் தன் பங்குக்கு முதல் ஐந்து தடவை, கொடுத்த மதிப்பைப் பார்த்து பிளான் போடும். ஆறாவது தடவை, எந்த மதிப்புக்கும் பொருந்துகிற பொது பிளான் மலிவு என்று தோன்றினால் அதற்கு மாறிவிடும். பொது பிளான் சராசரி டீலரை மனதில் வைத்துப் போட்டது. ஆயிரக்கணக்கான டீலர்களில் பெரும்பாலோருக்குப் பத்து இருபது பில், ஓரிருவருக்குப் பல லட்சம். சராசரிக்கு நெஸ்டட் லூப் போதும் என்று அது முடிவெடுத்தது. பெரிய டீலருக்கு அந்த லூப் லட்சக்கணக்கில் சுற்றியது. டிபிஏ எண்ணைக் கையால் போட்டு ஓட்டியபோது அந்த எண்ணுக்கென்று பிளான் வந்ததால் வேகமாக இருந்தது. கனெக்‌ஷன் பூலில் இருபது கனெக்‌ஷன் இருந்தால் பத்தாவது தடவை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நேரத்தில் வரும். அதனால்தான் சிக்கல் காலையில் இல்லாமல், மெல்ல மெல்லப் பரவி, மதியத்துக்குள் எல்லோரையும் பிடித்தது.

அந்த ஒரு ஸ்டேட்மென்ட்டுக்கு மட்டும் த்ரெஷோல்டை 0 ஆக்கினோம். 2019இல் போஸ்ட்கிரெஸ் 12 வந்த பிறகு பிளான்-கேச்-மோட் என்று சர்வர் பக்கமே ஒரு வழி கிடைத்தது. போஸ்ட்கிரெஸ் டிரைவரின் வேகத்துக்கான வேலையில் பெரும்பங்கு விளாடிமிர் சிட்னிகோவுடையது. இதே பத்தாவது தடவையை மேடையில் விளக்கியவரும் அவர்தான். டேவ் கிரேமர் போன்றவர்கள் பல வருடங்களாக அந்த டிரைவரைப் பராமரித்து வருகிறார்கள். உலகம் முழுக்க வங்கிகளும் ரயில்வேக்களும் நம்பியிருக்கிற ஒரு ஜார் ஃபைலை இவ்வளவு சின்னக் கூட்டம் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

அதே பெயர் வைக்கிற வேலை, பிஜிபவுன்சர் என்கிற பூலரை ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் வைத்தபோது வேறு வடிவில் வந்தது. ட்ரான்சாக்‌ஷன் பூலிங்கில் ஒவ்வொரு ட்ரான்சாக்‌ஷனும் வேறு வேறு சர்வர் கனெக்‌ஷனுக்குப் போகும். இங்கே 'எஸ்_1' என்று பெயர் வைத்துவிட்டு அங்கே போய்க் கேட்டால், அப்படி ஒன்று இல்லையே என்று சர்வர் சொல்லும். பல வருடம் எல்லோரும் த்ரெஷோல்டை 0 ஆக்கிவிட்டு, கிடைக்கவேண்டிய வேகத்தை விட்டுக்கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் வந்த பிஜிபவுன்சர் 1.21 தானே அந்தப் பெயர்களை நினைவு வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. அதன் பிறகும் பழைய 0 அப்படியே இருக்கிற யுஆர்எல்களை நான் இன்றும் பார்க்கிறேன். ஏன் போட்டோம் என்று தெரிந்தவர் வேலை மாறிப் போயிருப்பார்.

டேட்டாபேஸை மேம்படுத்திவிட்டு டிரைவரை மறந்தவர்களுக்கு 2021 ஒரு பாடம். போஸ்ட்கிரெஸ் 14இல் பாஸ்வேர்டுகளுக்கு ஸ்க்ராம் முறை டிஃபால்ட் ஆனது. 42.2.0க்கு முந்தைய டிரைவர்களுக்கு அது தெரியாது. 'ஆதென்டிகேஷன் டைப் 10 ஆதரிக்கப்படவில்லை' என்று சொல்லிவிட்டு, அதே செய்தியின் அடுத்த வரியில் பிஜி-ஹெச்பிஏ ஃபைலைச் சரிபாருங்கள் என்றும் சொல்லும். ஆகவே எல்லோரும் அந்த ஃபைலைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ஐபி முகவரியை மாற்றுவார்கள், ரீலோட் செய்வார்கள், கடைசியில் எல்லோருக்கும் பாஸ்வேர்டே வேண்டாம் என்று திறந்துவிட்ட இடமும் உண்டு. இரவு பதினொரு மணிக்கு எனக்கு வந்த அழைப்புகளில் இதற்குப் பதில் ஒரே வரிதான்: ஜாரை மாற்றுங்கள்.

நம் நாட்டுக்கே உரிய ஒன்றும் உண்டு. கனெக்‌ஷன் திறக்கும்போது ஜேவிஎம்மின் டைம்சோன் பெயரையும் டிரைவர் சர்வருக்குச் சொல்லும். விண்டோஸ் மெஷினில் இந்திய நேரத்தை ஜாவா 'ஏஷியா/கல்கத்தா' என்று எடுத்துக்கொள்ளும். இப்போதைய சில லினக்ஸ் வெளியீடுகள் பழைய டைம்சோன் பெயர்களைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்துவிட்டன. அந்தச் சர்வரில் கொல்கத்தா உண்டு, கல்கத்தா இல்லை. கனெக்‌ஷனே கிடைக்காது. லினக்ஸ் லேப்டாப்காரருக்கு ஓடும், பக்கத்து மேஜை விண்டோஸ்காரருக்கு ஓடாது. ஜேவிஎம்முக்கு டைம்சோனை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

முன்பெல்லாம் டிரைவரை மாற்றச் சொன்னால், ஓடுகிறதை ஏன் தொடவேண்டும் என்பார்கள். இப்போது செக்யூரிட்டி ஸ்கேனர் அவர்களைத் தொட வைக்கிறது. 2024 பிப்ரவரியில் 42.7.2இல் சரிசெய்த ஓட்டை நல்ல உதாரணம். சிம்பிள் குவெரி மோடில் மட்டும் வரும். குவெரியில் கேள்விக்குறிக்கு முன்னால் ஒரு மைனஸ் இருந்து, கொடுக்கிற எண்ணும் மைனஸாக இருந்தால், இரண்டு கோடும் சேர்ந்து எஸ்க்யூஎல்லில் கமெண்ட் ஆகிவிடும். மிச்ச வரி காணாமல் போகும், அந்த வழியில் இன்ஜெக்‌ஷன் நுழையலாம். டிஃபால்ட்டில் வராத மோடுதான். ஆனால் பிஜிபவுன்சர் சிக்கலுக்காக அதை ஆன் செய்தவர்கள் இருந்தார்கள். ஒரு பழைய ஒட்டுவேலை இன்னொரு ஓட்டைக்குக் கதவு திறந்துவிட்டது.

இப்போது எல்லோரும் கேட்பது விர்ச்சுவல் த்ரெட் பற்றி. ஜாவா 21இல் வந்தது, 2023 செப்டம்பர். அதற்கு முன்பே மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் டிரைவர் 42.6.0 தன் சிங்க்ரனைஸ்டுகளை எடுத்துவிட்டு ரீஎன்ட்ரன்ட் லாக் போட்டுத் தயாராகிவிட்டது. சிங்க்ரனைஸ்டுக்குள் காத்திருந்தால் விர்ச்சுவல் த்ரெட் நிஜ த்ரெட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்பதால். 2025இல் ஜேடிகே 24 அந்தக் குறையையே நீக்கியது. ஆரக்கிள் தொடங்கிய ஏடிபிஏ என்கிற அசிங்க்ரனஸ் முயற்சி 2019இல் கைவிடப்பட்டதும் விர்ச்சுவல் த்ரெட்டை நம்பித்தான். விர்ச்சுவல் த்ரெட் வந்தால் பழைய ஜேடிபிசியே போதும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு சரியென்றே நினைக்கிறேன். கால்பேக்கில் எழுதிய கோடைப் புரொடக்‌ஷனில் துருவிப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

ஆனால் ஹிஞ்ஜவாடியில் ஒரு டீம் ஜாவா 21க்குப் போய், ஆயிரக்கணக்கான ரிக்வெஸ்ட்டை ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, 30000 மில்லிசெகண்ட் கழித்து கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்ற ஹிகாரி பூலின் செய்தியால் லாகை நிரப்பிக்கொண்டது. த்ரெட் எத்தனை ஆனாலும் போஸ்ட்கிரெஸின் டிஃபால்ட் கனெக்‌ஷன் வரம்பு 100தான். அவர்கள் பூலை 300க்கு ஏற்றலாமா என்று கேட்டார்கள். குறைக்கச் சொன்னேன். 16 கோர் சர்வருக்கு முப்பது, நாற்பது கனெக்‌ஷன் தாண்டினால் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளத்தான் செய்யும். பூலை 32இல் நிறுத்தி, அதற்கு முன்னால் ஒரு செமஃபோர் வைத்தோம். மறுநாள் அதே சுமை தொங்காமல் ஓடியது.

இந்த வருடம் என்னிடம் அதிகம் வருவது கிளவுட் சம்பந்தமானவை. ஆப் மும்பை ரீஜனில், டேட்டாபேஸும் மும்பையில். டிசாஸ்டர் ரெக்கவரி ஒத்திகைக்காக டேட்டாபேஸை மட்டும் ஹைதராபாதுக்கு மாற்றுவார்கள். ஒரு மில்லிசெகண்டில் வந்த பதில் இருபதுக்குப் பக்கம் போகும். கேட்டால் அற்ப வித்தியாசம்தான். ஒரு ஸ்க்ரீனுக்கு 200 சின்னக் குவெரி போகிற இடத்தில் அது நான்கு வினாடி. நியூஜெர்சியில் பார்த்த அதே கணக்கு. டெவலப்பரின் லேப்டாப்பில் ஜாவாவும் டேட்டாபேஸும் ஒரே மெஷினில் இருப்பதால் எந்த டிரைவரும், எந்த அமைப்பும் அங்கே வேகமாகத்தான் தெரியும். ஆகவே என்னோடு வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். டெஸ்ட் ஓடும் லினக்ஸ் மெஷினில் டிசி கமாண்ட் போட்டு, டேட்டாபேஸ் போர்ட்டுக்கு 20 மில்லிசெகண்ட் தாமதத்தை நிரந்தரமாகச் சேர்த்துவிட்டோம். முதல் வாரம் எல்லோரும் திட்டினார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து ஃபெட்ச் சைஸையும் பேட்ச் அமைப்பையும் நான் சொல்லாமலே அவர்கள் யுஆர்எல்லில் தேடத் தொடங்கிவிட்டார்கள்.